சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய சுவர்

லெ கொர்பூசியே என்றதும் நமக்குச் சண்டிகர் நினைவுக்கு வரும். பூசாத காங்கிரீட், வெயிலை மறிக்கும் ஆழமான சட்டங்கள், நகரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடம் இவைதாம் அவருடைய அடையாளங்களாக நம் மனத்தில் பதிந்திருக்கின்றன. வீட்டை இயந்திரத்தோடு ஒப்பிட்டு எழுதி உலகைத் திடுக்கிட வைத்தவர் அவர். அதே மனிதர் தம் வாழ்நாளில் பெரும்பகுதி காலை நேரங்களில் ஓவியம் தீட்டினார். பாரீஸில் உள்ள தம் கட்டிடக்கலை அலுவலகத்துக்குப் பிற்பகலில்தான் போனார். அது மட்டுமல்ல. 1936-இல் ஒன்று, பிறகு 1948 முதல் 1965-இல் இறக்கும் வரை தொடர்ச்சியாகப் பல என, ஏறக்குறைய முப்பது சித்திரங்களைத் தறியில் நெய்வதற்காகவே வரைந்து கொடுத்தார். டேப்பஸ்ட்ரி எனப்படும் இந்த நெசவுச் சித்திரங்களை அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில் ஒரு பத்தியோடு முடித்துவிடுகிறார்கள். பெரிய கட்டிடக் கலைஞரின் ஓய்வுநேர வேலை, ஓவியங்களின் கம்பளிப் பிரதி என்பது பொதுவான எண்ணம். இந்த எண்ணம் தவறு என்றே நான் கருதுகிறேன். ஓவியரும் கட்டிடக் கலைஞருமாக இரண்டாகப் பிரிந்து வாழ்ந்த அந்த மனிதர் ஒரே ஆளாக நின்று வேலை செய்த இடம் தறிதான். மேசைமேல் இருக்கும் புட்டியையும் கண்ணாடிக் குவளையையும் வரைகிற எளிய ஓவிய வகை ஒன்று, அவர் கையில் சுவராக வளர்ந்த கதை இது.

அவருடைய இயற்பெயர் சார்ல்-எதுவார் ழான்னரே. 1887-இல் சுவிட்சர்லாந்தின் லா ஷோ-தெ-ஃபோன் என்ற கடிகாரத் தொழில் நகரில் பிறந்தார். தந்தை கடிகார முகப்புகளுக்கு எனாமல் பூசும் தொழிலாளி. தாய் பியானோ ஆசிரியை. மகனும் முதலில் படித்தது கடிகார உறைகளில் சித்திரம் செதுக்கும் வேலைதான். 1917-இல் பாரீஸில் குடியேறி, அமெதே ஒஸான்ஃபான் என்ற ஓவியரைச் சந்தித்த பிறகே எண்ணெய் வண்ண ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். அடுத்த ஆண்டே இருவரும் சேர்ந்து கியூபிசத்துக்குப் பிறகு என்ன என்று கேட்கும் ஒரு சிறு நூலை வெளியிட்டார்கள். பிக்காஸோவும் பிராக்கும் பொருள்களைச் சில்லு சில்லாக உடைத்துவிட்டார்கள். போரால் சிதைந்த ஐரோப்பாவுக்கு இப்போது வேண்டியது உடைப்பு அல்ல, ஒழுங்கு என்பது அவர்கள் வாதம். தங்கள் கொள்கைக்குப் பியூரிசம், அதாவது தூய்மைவாதம் என்று பெயர் வைத்தார்கள். அதன் களமாக அவர்கள் தேர்ந்தது போர்க்காட்சியையோ மனித முகத்தையோ அல்ல. புட்டி, குவளை, தட்டு, புகைக்குழாய், கிட்டார் போன்ற பொருள்களை. யார் வடிவமைத்தது என்று யாருக்கும் தெரியாத, கை படப் படப் பல தலைமுறைகளாகச் செம்மைப்பட்டு இனி மாற்ற எதுவும் இல்லை என்ற நிலைக்கு வந்துவிட்ட பொருள்கள் அவை.

மேசைமேல் வைத்த பொருள்களை வரையும் இந்த வகையை ஸ்டில் லைஃப் என்று சொல்வார்கள். தமிழில் அசையாப் பொருள் ஓவியம் எனலாம். பிரெஞ்சுக் கலைக் கழகத்தின் மரபில் இதற்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஃபெலிபியான் என்பவர் ஓவிய வகைகளை வரிசைப்படுத்தியபோது வரலாற்றுக் காட்சி மேலே இருந்தது, உயிரற்ற பொருள் அடியில் இருந்தது. ஆனால் கட்டிடம் கட்டும் ஒருவருக்கு இந்த வகைதான் நெருக்கமாக இருக்க முடியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கே சொல்வதற்குக் கதை இல்லை. இருப்பது பொருள்களும், அவை ஒன்றையொன்று தொட்டும் மறைத்தும் நிற்கிற விதமும், நடுவில் உள்ள வெற்றிடமும் மட்டுமே. ஒரு கட்டிட வரைபடத்தில் இருப்பவையும் இவையே. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய 1920-ஆம் ஆண்டு ஓவியத்தைப் பார்த்தால் இது விளங்கும். கிடத்திய கிட்டார், அடுக்கி வைத்த தட்டுகள், புட்டி, விரித்த புத்தகம், புகைக்குழாய் எல்லாம் அதில் உள்ளன. தட்டடுக்கைப் பக்கவாட்டில் பார்த்தால் தூண்போல் நிற்கிறது. அதன் மேல் தட்டு மட்டும் தலைக்கு மேலிருந்து பார்த்ததுபோல் முழு வட்டமாகத் தெரிகிறது. கட்டிடக் கலைஞர் ஒரே கட்டிடத்துக்கு மேல்தோற்ற வரைபடத்தையும் முகப்பு வரைபடத்தையும் தனித்தனித் தாளில் போடுவார். இங்கே இரண்டும் ஒரே பொருளில் ஒன்றாகிவிட்டன.

அந்த ஓவியத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. என் வாதத்துக்கு அதுவே அச்சாணி. ஒரு பொருளின் விளிம்பு முடியுமிடத்தில் அடுத்த பொருளின் விளிம்பு தொடங்குகிறது. இரண்டுக்கும் ஒரே கோடு. கிட்டாரின் வளைவே பக்கத்துப் பொருளின் வளைவாகவும் இருக்கிறது. வெளிக்கோடுகளின் திருமணம் என்று தூய்மைவாதிகள் இந்த உத்திக்குப் பெயர் சூட்டினார்கள். பின்னாளில் அவர் தூய்மைவாதத்தின் விறைப்பை விட்டு விலகினார். 1928-க்குப் பிறகு கூழாங்கல், எலும்பு, கிளிஞ்சல், கயிறு போன்றவை அவருடைய மேசைக்கு வந்தன. பெண் உருவங்களும் கைகளும் காளைத் தலைகளும் பிறகு சேர்ந்துகொண்டன. குவளையும் புட்டியும் மட்டும் கடைசி வரை போகவில்லை. விளிம்பைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கமும் போகவில்லை. எண்ணெய் வண்ணத்தில் இந்தப் பழக்கம் ஒரு கொள்கை. வேண்டுமானால் பின்பற்றலாம், வேண்டாமென்றால் விடலாம். தறியில் அது அப்படியில்லை. அங்கே அது நெசவின் இயல்பிலேயே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள நெசவுச் சித்திரம் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். துணியை நெய்து அதன்மேல் சித்திரம் தைப்பதோ அச்சிடுவதோ அல்ல இது. பாவு நூல்களைத் தறியில் இழுத்துக் கட்டியபின், வண்ணக் கம்பளி நூலைச் சிறு கட்டையில் சுற்றி, அந்த வண்ணம் தேவைப்படும் இடம் வரை மட்டும் ஊடையாக ஓட்டித் திருப்புவார்கள். சாதாரணத் துணியில் ஊடை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை போகும். இங்கே நீலம் நீலத்தின் எல்லையோடு திரும்பிவிடும், சிவப்பு சிவப்பின் எல்லையோடு. கட்டைகள் பல, நாடா இல்லை. ஊடையை நெருக்கி அடிப்பதால் பாவு கண்ணுக்குத் தெரியாது. சித்திரமும் துணியும் ஒரே சமயத்தில் பிறக்கின்றன. ஒன்றை நீக்கினால் மற்றொன்று இல்லை. பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள ஒபுஸோன் என்ற சிற்றூரில் தறிகள் படுக்கைவாட்டில் இருக்கும். வரைபடம் பாவுக்கு அடியில் விரிக்கப்பட்டிருக்கும். நெசவாளர் பின்பக்கத்தைப் பார்த்தபடியே நெய்வார். ஆகவே வரைபடம் இடவலம் மாறியிருக்க வேண்டும். சித்திரத்தைப் பெரும்பாலும் பக்கவாட்டில் படுக்கவைத்தே நெய்வார்கள்; சுவரில் தொங்கும்போது பாவு நூல்கள் கிடையாக ஓடும். தேர்ந்த நெசவாளர் ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் நெய்ய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். பல நூற்றாண்டுகளாகத் தொடரும் இந்தத் தொழில்முறை 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்வளவு தனித்தன்மை உள்ள கலை, 18-ஆம் நூற்றாண்டிலிருந்து எண்ணெய் ஓவியத்தின் அடிமையாகிக் கிடந்தது. 1734-இல் பொவே நகரத்து அரசு நெசவாலைக்குப் பொறுப்பேற்ற ஓவியர் ஊத்ரி, ஓவியத்தின் ஒவ்வொரு நிழலையும் அப்படியே பெயர்த்துத் தர வேண்டும் என்று நெசவாளர்களை வற்புறுத்தினார். 19-ஆம் நூற்றாண்டில் பாரீஸின் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல் 14,000-க்கு மேற்பட்ட வண்ணச் சாயல்களை வகைப்படுத்தினார். தூரிகை ஒரு நொடியில் செய்யும் குழைவைச் செய்ய நெசவாளர் நூற்றுக்கணக்கான நூல்களோடு போராட வேண்டியிருந்தது. மென்மையான சாயல்கள் வெளிச்சம் பட்டு முதலில் வெளிறிப்போயின. 1930-களில் மரி குத்தோலி என்ற பிரெஞ்சுப் பெண்மணி பிக்காஸோ, பிராக், லெழே, மிரோ ஆகியோரின் படைப்புகளை ஒபுஸோனில் நெய்வித்து இந்தக் கலைக்கு மீண்டும் உயிரூட்டினார். லெ கொர்பூசியேவின் முதல் நெசவுச் சித்திரமும் 1936-இல் அவர் கேட்டு உருவானதுதான். ஆனால் குத்தோலி நெய்வித்தவற்றில் பெரும்பாலானவை ஓவியத்தின் தூரிகைத் தடங்களைக்கூட விடாமல் பின்பற்றிய பிரதிகள். இந்தப் பிடியை உடைத்தவர் ஓவியர் ழான் லுர்ஸா. 1939-இல் ஒபுஸோனுக்கு வந்த அவர், வண்ணங்களைச் சில பத்துக்குள் குறைத்தார், நூலைத் தடிமனாக்கினார், வரைபடத்தில் வண்ணம் பூசுவதை விட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் எந்த நூல் என்று எண்ணிட்டுக் கொடுத்தார்.

லுர்ஸாவின் சீர்திருத்தம் கண்டது இதுதான்: தறிக்கு விருப்பமானது குழைவு அல்ல, எல்லை. ஒரு வண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டு ஊடைகள் எதிரெதிராக வந்து திரும்புகின்றன. அந்த எல்லை பாவின் திசையிலேயே நீண்டு போனால் அங்கே துணி இரண்டாகப் பிளந்து நிற்கும். பிறகு அதை ஊசியால் தைத்து மூட வேண்டும். ஆக, தறியில் ஒரு வெளிக்கோடு என்பது வெறும் பார்வைக் குறிப்பு அல்ல, துணியின் கட்டுமானத்தில் நிகழும் ஒரு சம்பவம். எந்த எல்லை எங்கே போகிறது என்பது படம் எப்படித் தெரியும் என்பதோடு, துணி எவ்வளவு வலுவாக இருக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. இரண்டு பொருள்களுக்கு ஒரே விளிம்பு என்று 1920-இல் கித்தானில் வரைந்தவர், கால் நூற்றாண்டுக்குப் பின் தறியருகே வந்தபோது தம் பழைய பழக்கத்தின் உண்மையான வீட்டைக் கண்டடைந்தார் என்றே சொல்ல வேண்டும். குவளையின் பக்கமும் பின்னணியின் பக்கமும் அங்கே உண்மையிலேயே ஒரே கோட்டில் சந்திக்கின்றன. குவளைக்குப் பின்னால் மறைவாகப் பின்னணி இல்லை. எண்ணெய் ஓவியத்தில் பின்னணியை முதலில் பூசிவிட்டு அதன்மேல் குவளையை வரையலாம். தறியில் அப்படி மேலே, கீழே என்று எதுவும் இல்லை. பொருளும் வெற்றிடமும் சமமான வேலை, சமமான தடிமன், சமமான நேரம் கேட்கின்றன. கட்டிடத்தில் அறையும் சுவரும் சமமாகக் கணக்கிடப்படுவதுபோல் என்று அவர் நினைத்திருப்பார் என்பது என் ஊகம்தான். ஆனால் அவருடைய சித்திரங்களில் வெற்றிடங்கள் பொருள்கள் அளவுக்கே திட்டமான வடிவம் பெற்றிருப்பது ஊகம் அல்ல.

1948 முதல் அவருக்கு வாய்த்த துணை பியேர் போதுவேன். ஒபுஸோனின் அலங்காரக் கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். லெ கொர்பூசியே சிறிய அளவில் மாதிரி செய்து கொடுப்பார். அதைத் தறி அளவுக்குப் பெரிதாக்கி, நூல்களைத் தேர்ந்து, தபார், பிகோ, பின்தோன் ஆகிய குடும்பங்களின் பட்டறைகளில் நெசவைக் கவனித்துக்கொள்வது போதுவேனின் பொறுப்பு. வண்ணம் பூசிய தாள்களை வெட்டி ஒட்டி மாதிரி செய்யும் வழக்கம் லெ கொர்பூசியேவுக்கு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வெட்டிய தாளில் குழைவு வராது, எல்லை மட்டுமே வரும். அதாவது, ஓவியத்தைத் தீட்டி முடித்துவிட்டு, இதைக் கம்பளியில் எடுத்துக் கொடுங்கள் என்று அனுப்பியவர் அல்ல அவர். தொடக்கத்திலேயே தறியின் மொழியில் யோசித்தார். பழைய ஓவியங்களின் உருவங்கள் இந்தச் சித்திரங்களில் திரும்பத் திரும்ப வருவது உண்மைதான். ஆனால் இசைக் கலைஞர் ஒரே ராகத்தை வேறு வாத்தியத்தில் வாசிக்கும்போது அதைப் பிரதி என்று நாம் சொல்வதில்லை.

இனி அளவுக்கு வருவோம். 1920-இன் அந்த ஓவியம் ஏறக்குறைய 81-க்கு 100 சென்டிமீட்டர். 1960-இல் நெய்யப்பட்ட அவருடைய புகழ்பெற்ற சித்திரங்களுள் ஒன்றான ‘லெ தே சோன் ழெத்தே’, அதாவது ‘பகடைகள் உருண்டுவிட்டன’, 2.18 மீட்டர் உயரமும் 3.55 மீட்டர் நீளமும் கொண்டது. பரப்பில் முன்னதைப்போல் ஒன்பது மடங்குக்கும் மேல். பெரிதாக்கினால் போதும் என்ற ஆசை இதன் பின்னால் இல்லை. மனித உடலின் அளவுகளிலிருந்து கட்டிட அளவுகளைப் பெறுவதற்காக அவர் உருவாக்கிய மோதுலோர் என்ற முறையில், கையை உயர்த்தி நிற்கும் மனிதனின் கை எட்டும் உயரம் 2.26 மீட்டர். நெசவுச் சித்திரம் ஓவியம்போல் கண் உயரத்தில் ஆணியில் மாட்ட வேண்டியது அல்ல, தரையைத் தொட்டு, மனிதனின் உயரத்துக்கு ஈடாக எழுந்து நிற்க வேண்டியது என்று அவர் கருதினார். அப்படி நிற்கும்போது அது சுவரில் தொங்கும் பொருள் என்ற நிலையிலிருந்து சுவர் என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. இந்தக் கருத்துக்கு 1950-களின் தொடக்கத்தில் அவர் வைத்த பெயர் முரால்நோமாட், நாடோடிச் சுவரோவியம். நவீன நகரத்து மனிதன் வாடகைக் குடியிருப்பில் வாழ்கிறான். வேலை மாறினால் வீடு மாறுகிறான். அவன் சுவரில் ஓவியம் தீட்டுவது வீட்டுக்காரருக்குப் பரிசு கொடுப்பதுபோல் ஆகும். நெய்த சுவரானால் இறக்கிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகலாம் என்பது அவர் வாதம். இதில் பழமையும் உண்டு. இடைக்கால ஐரோப்பியப் பிரபுக்கள் ஒரு கோட்டையிலிருந்து மறு கோட்டைக்குப் போகும்போது தங்கள் நெசவுச் சித்திரங்களையும் வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். குளிர்ந்த கல் அறைகளை அவை ஒரே நாளில் வாழத்தக்க இடமாக்கின. அந்தச் சித்திரங்களில் இருந்தவை வேட்டையும் வேதக் காட்சிகளும். இங்கே அரசனுக்குப் பதிலாகக் குடியிருப்புவாசி, வேட்டைக்குப் பதிலாகக் குவளையும் புட்டியும்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். 1925-இல் அலங்காரக் கலையைக் கடுமையாகத் தாக்கிப் புத்தகமே எழுதியவர் அல்லவா இவர்? சுவர்களுக்கு வெள்ளையடித்துத் திரைகளையும் சுவர்த்தாள்களையும் தூக்கி எறியச் சொன்னவர், முதுமையில் மாதத்துக்கு ஒரு சதுர மீட்டர் நகரும் கைத்தறியைத் தேடிப் போனது முரண் இல்லையா? இயந்திர யுகத்தின் தூதர் என்று அவரைப் போற்றியவர்கள் இதைச் சறுக்கல் என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் எதிர்த்தது பொருளின்மேல் ஒட்டப்படும் பூ வேலைப்பாட்டை. எடுத்துவிட்டாலும் பொருளுக்கு ஒரு குறையும் வராத அலங்காரத்தை. அதே 1925-இல் பாரீஸ் கண்காட்சிக்காக அவர் கட்டிய மாதிரி வீட்டிலேயே லெழேயின் ஓவியமும் அவருடைய சொந்த அசையாப் பொருள் ஓவியமும் சுவரில் இருந்தன. வெற்றுச் சுவர் வேண்டும் என்று அவர் சொன்னது, ஒரு தெளிவான வடிவத்துக்கு இடம் விடுவதற்காக. நெசவுச் சித்திரத்தில் படத்தை எடுத்துவிட்டால் துணியே இல்லை என்று முன்பே பார்த்தோம். கட்டுமானமும் தோற்றமும் பிரியாத பொருள் அது. பூசாத காங்கிரீட்டில் பலகையின் தடத்தை அப்படியே விட்டுவைத்தவருக்கு, நூலின் தடம் தெரியும் சுவர் பிடித்துப்போனதில் முரண் ஏதும் இல்லை. ஆனால் விலை விஷயத்தில் ஆட்சேபம் நியாயமானது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வாடகைக் குடியிருப்பில் வாழும் மனிதனுக்காக என்று அவர் சொன்ன சுவரை அந்த மனிதனால் ஒருநாளும் வாங்க முடியவில்லை. வாங்கியவர்கள் அருங்காட்சியகங்களும் வசதி படைத்தவர்களும்தாம்.

சுவர் என்ற சொல்லை நான் உருவகமாக மட்டும் பயன்படுத்தவில்லை என்பதற்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 1955-இல் திறக்கப்பட்ட சண்டிகர் உயர்நீதிமன்றத்தில் காங்கிரீட்டின் கடினமான பரப்புகளால் எதிரொலி பெரிய சிக்கலாக இருந்தது. வழக்கறிஞர் பேசுவது நீதிபதிக்குத் தெளிவாகக் கேட்காவிட்டால் அது நீதிமன்றமே அல்ல. லெ கொர்பூசியே கண்ட தீர்வு, நீதிபதிகளின் இருக்கைகளுக்குப் பின்னால் சுவர் முழுக்க நெசவுச் சித்திரம். எட்டு நீதிமன்ற அறைகளுக்கு ஒவ்வொன்றும் 64 சதுர மீட்டர், தலைமை நீதிபதியின் அறைக்கு 144 சதுர மீட்டர். மொத்தம் 650 சதுர மீட்டருக்கு மேல். இவை ஒபுஸோனில் அல்ல, காஷ்மீரில் நெய்யப்பட்டன. குவளையும் புட்டியும் இங்கே இல்லை. அவற்றின் இடத்தில் சூரியன், மேகம், மின்னல், கால்தடம், கை, தராசு ஆகிய சின்னங்கள் பெரிய வண்ணக் கட்டங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அவை வைக்கப்பட்டிருக்கும் முறை பழைய மேசையின் முறைதான். கதை சொல்லாத தனித்தனிப் பொருள்கள், பகிர்ந்துகொள்ளும் விளிம்புகள், பொருளுக்கு இணையான வெற்றிடங்கள். நீதிபதிகளில் சிலருக்கு இவை பிடிக்கவில்லை. நீதிமன்றத்தின் கண்ணியத்துக்கு ஒவ்வாத விளையாட்டுச் சித்திரங்கள் என்று கருதி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த எதிர்ப்பை ரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமாகாது. தினமும் அந்த அறையில் உட்கார்ந்து மரண தண்டனை வரை தீர்ப்பளிக்கிறவர்களைக் கலந்து பேசாமல், அவர்கள் தலைக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்று வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் முடிவு செய்தார். அதில் கோபப்பட இடம் இருக்கிறது. எனினும் அந்தச் சண்டை ஒன்றை நிறுவியது: அறையின் ஒலியையும் அதிகாரத்தின் தோற்றத்தையும் ஒருசேர மாற்றக்கூடிய ஒன்றை யாரும் வெறும் திரைச்சீலையாகப் பார்க்கவில்லை.

பிறர் வடிவமைத்த சுவரில் அவர்களைக் கேட்காமல் கை வைப்பது லெ கொர்பூசியேவுக்குப் புதிதல்ல. தென் பிரான்சில் ரோக்புரூன்-கப்-மர்த்தான் என்ற கடலோர ஊரில், ஐலீன் கிரே என்ற அயர்லாந்துக் கலைஞர் 1920-களின் இறுதியில் இ.1027 என்ற அருமையான வீட்டைக் கட்டியிருந்தார். 1938-இல் அவர் அங்கே இல்லாத காலத்தில், அந்த வீட்டின் வெள்ளைச் சுவர்களில் லெ கொர்பூசியே பெரிய வண்ண ஓவியங்களைத் தீட்டினார். கிரே அதை அழிவுச் செயலாகவே கருதினார். அவர் பக்கமே நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. இந்த நிகழ்ச்சியை இங்கே சொல்லக் காரணம், அதற்கும் நாடோடிச் சுவர் என்ற கருத்துக்கும் உள்ள உறவு. சுவரில் தீட்டிய ஓவியம் அந்தச் சுவரின் சொந்தக்காரரை ஒடுக்கிவிடுகிறது. விரும்பாதவரால் அதை நீக்க முடியாது, விரும்புகிறவரால் எடுத்துச் செல்லவும் முடியாது. நெய்த சுவர் இரண்டுக்கும் இடம் தருகிறது. சிட்னி ஓபரா மாளிகையை வடிவமைத்த டென்மார்க் கலைஞர் யோர்ன் உட்சன், 1958-இல் தம் கட்டிடத்துக்காக ஒரு நெசவுச் சித்திரம் வேண்டும் என்று லெ கொர்பூசியேவைக் கேட்டார். அப்படி நெய்யப்பட்டதுதான் மேலே சொன்ன ‘பகடைகள் உருண்டுவிட்டன’. அரசோடு ஏற்பட்ட மோதலால் உட்சன் 1966-இல் வேலையைப் பாதியில் விட்டு ஆஸ்திரேலியாவை விட்டு வெளியேறினார். 1973-இல் மாளிகை அவர் இல்லாமலே திறக்கப்பட்டது. சித்திரம் டென்மார்க்கில் அவர் வீட்டுச் சுவரிலேயே பல பத்தாண்டுகள் இருந்தது. 2015-இல் கோபன்ஹேகனில் ஏலத்துக்கு வந்தபோது சிட்னி மாளிகை அதை வாங்கி, 2016-இல் தன் கட்டிடத்துக்குள் கொண்டுவந்து வைத்தது. வாழ்வறையின் சுவராக இருந்தது பொதுமாளிகையின் சுவராயிற்று. எந்த இடத்திலும் கட்டிடத்துக்கு ஒரு கீறலும் இல்லை. லெ கொர்பூசியே எழுதிய கொள்கைக்கு இதைவிட நேரான நிரூபணம் அவர் வாழ்நாளில்கூடக் கிடைக்கவில்லை.

இவ்வளவுக்கும் அவர் பெரிய ஓவியரா என்று கேட்பவர்கள் உண்டு. பிக்காஸோவுக்கும் லெழேக்கும் அருகில் நிற்கக்கூடியவர் அல்ல என்று கலை விமர்சகர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கே அந்தக் காயம் இருந்தது. 1923-க்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் ஓவியங்களைப் பொதுக் கண்காட்சியில் வைக்காமலே வரைந்துகொண்டிருந்தார். தம் கட்டிடங்களின் ரகசியம் ஓவியத்தில்தான் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விமர்சகர்கள் சொல்வதைப் பெரும்பாலும் நானும் ஏற்கிறேன். சட்டமிட்ட கித்தானில் அவருடைய ஓவியங்கள் சில நேரம் திட்டமிட்டுச் செய்தவைபோல், வண்ணத்தின் உயிர்த்துடிப்புக் குறைந்து தெரிகின்றன. ஆனால் அதே குணம் தறியில் பலமாகிறது. திட்டம்தான் தறிக்கு உணவு. தூரிகையின் தற்செயலை நம்பி வாழும் ஓவியர் தறியில் தோற்றுப்போவார். வரைபடத்தில் ஒவ்வொரு எல்லையையும் முன்கூட்டித் தீர்மானித்துப் பழகிய கட்டிடக் கலைஞருக்கு அது சொந்த வீடு. வேறொருவர் கையால் கட்டப்படுவதற்காக வரைவது என்ற பழக்கமும் கட்டிடக் கலைஞருக்கு இயல்பாக உண்டு, ஓவியருக்கு இல்லை.

வேறொருவர் கை என்று சொல்லும்போது கடைசி ஆட்சேபத்துக்கு வந்துவிடுகிறோம். எல்லாவற்றிலும் கடினமானதும் இதுவே. தறியில் உட்கார்ந்து மாதக்கணக்கில் நெய்தவர்கள் ஒபுஸோனின் ஆண்களும் பெண்களும். நூலைத் தேர்ந்தவர் போதுவேன். பெயர் மட்டும் லெ கொர்பூசியேவுடையதா? கட்டிடத்தின் உவமை இங்கே பாதி வழிதான் உதவும். காங்கிரீட் ஊற்றும் தொழிலாளி வரைபடத்தை மாற்ற மாட்டார். நெசவாளர் ஒவ்வொரு வளைவிலும் எத்தனை பாவைத் தாண்டி ஊடையைத் திருப்புவது என்று தாமே தீர்மானிக்கிறார். படிப்படியாக ஏறும் அந்தத் திருப்பங்கள்தாம் நாம் பார்க்கும் கோடு. ஆகவே இந்தச் சித்திரங்கள் கூட்டுப் படைப்புகள் என்பதே என் முடிவு. லெ கொர்பூசியே உயிரோடு இருந்து, போதுவேன் அருகிருந்து நெய்யப்பட்டவற்றுக்கும், அவர் இறந்தபின் அதே மாதிரிகளிலிருந்து நெய்யப்பட்டவற்றுக்கும் வேறுபாடு காட்டுவதும் இதனால் அவசியமாகிறது. ஒரே மாதிரியிலிருந்து எட்டுப் பிரதிகள் வரை நெய்தால் அவற்றை மூலக் கலைப்படைப்பாகவே பிரெஞ்சு வரிச் சட்டம் ஏற்கிறது. பட்டறையின் அடையாளம் சித்திரத்தின் ஓரத்திலேயே நெய்யப்பட்டிருக்கும். பின்புறம் தைத்த சிறு துணித் துண்டில் தலைப்பு, அளவு, எத்தனையாவது பிரதி, கலைஞரின் கையெழுத்து எல்லாம் இருக்கும். அருங்காட்சியகத்தின் விளக்கப் பலகையில் இவற்றுள் கலைஞரின் பெயரும் ஆண்டும் மட்டுமே பெரும்பாலும் இடம்பெறுகின்றன. பட்டறையின் பெயரையும், நெசவு நடந்த ஆண்டையும், போதுவேனின் பெயரையும் அந்தப் பலகையில் சேர்க்க ஒரு வரி போதும். நெய்தவர்களின் பெயர் பட்டறைக் கணக்கில் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதையும் சேர்க்க வேண்டும்.